பற்றற்ற அலுவலகத்தில் பவளப்பூச்சி

மனிதகுலத்தின் தலையாய கண்டுபிடிப்பு நெருப்பா, சக்கரமா என்று அறிஞர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். வீண் சண்டை. தலையாய கண்டுபிடிப்பு ஈரத்துணி. நெருப்பு வீட்டைக் கொளுத்தும், சக்கரம் காலில் ஏறும், ஈரத்துணியோ யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. இந்தப் பேருண்மையை உணர்ந்து, அதன் மேல் ஒரு முழு அலுவலகத்தையே கட்டி எழுப்பிய பெருமை கடலுயிர் ஆய்வு நிலையத்தின் இயக்குநரைச் சேரும்.

அவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது எல்லோரும் சாக்லேட் டப்பாவை எதிர்பார்த்தார்கள். அவர் ஒரு ‘தத்துவம்’ கொண்டுவந்தார். அதன் பெயர் ‘பற்றற்ற அலுவலகம்’.

தத்துவம் எளிமையானது. இனி யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலையில் வாசலில் இருக்கும் தகர டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு வில்லையை எடுக்க வேண்டும். வில்லையில் எந்த எண் இருக்கிறதோ அந்த மேசை அன்றைக்கு உங்களுடையது. மாலையில் பேனா, தண்ணீர் பாட்டில், குழந்தையின் புகைப்படம் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். “மாலையில் மேசையைப் பார்த்தால் அங்கே ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கான தடயமே இருக்கக் கூடாது” என்று சுற்றறிக்கை சொன்னது.

பலன் உடனே தெரிந்தது. கணக்கர் உறைபதனப் பெட்டிகளுக்கு நடுவில் கம்பளி சுற்றிக்கொண்டு கூட்டல் போட்டார். மீன் மருத்துவர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னார். யாரை எங்கே தேடுவது என்று தெரியாததால் யாரும் யாரையும் தேடவில்லை. அலுவலகத்தில் அமைதி பெருகியது. இயக்குநரே இதற்கு முன்மாதிரியாக இருந்தார். தமக்கென்று நாற்காலியே வேண்டாம் என்று அறிவித்துவிட்டு, தம் அறையில் சோபாவில்தான் உட்கார்ந்தார்.

இவ்வளவு பற்றின்மைக்கு நடுவே அந்த நிலையம் என்னதான் வேலை செய்தது என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எதையாவது எதிலாவது ஒட்ட வைப்பதுதான் அவர்கள் வேலை.

கடலுக்கடியில் பவளப் பாறை கட்டும் பூச்சி ஒன்று உண்டு. விஞ்ஞானத்தில் அதற்குப் பாலிப் என்று பெயர். பிறந்த புதிதில் அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குஞ்சு. தண்ணீரில் நீந்தித் திரியும். பிறகு ஒரு நல்ல இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டியதுதான், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அதே முகவரி. இந்தக் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, சுட்ட மண் தட்டுகளில் ஒட்டவைத்து, அழிந்துபோன பாறைகளில் கொண்டுபோய் நடுவதுதான் ‘ஒட்டுதல் பிரிவின்’ திட்டம்.

பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு பெண்தான். ஒப்பந்த ஆய்வாளர். நிலையத்தில் அவளைத் ‘தற்காலிகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “தற்காலிகம் டீ குடிக்கப் போயிருக்கு”, “தற்காலிகத்துக்கிட்ட சாவி இருக்கா பாரு” என்று அஃறிணையில் பேசுவது யாருக்கும் உறுத்தவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இடுப்பில் இருந்த மகள் இப்போது அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். செருப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. அம்மா இன்னமும் தற்காலிகம்தான்.

அது எப்படி என்று வியக்க வேண்டாம், அதற்கு விதி இருக்கிறது. இடைவெளி விழாமல் தொடர்ந்து வேலை பார்ப்பவர் நிரந்தரம் கேட்கலாம். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளை ஒரே ஒரு நாள் ‘விடுவிப்பார்கள்’. அடையாள அட்டை, அலமாரிச் சாவி, வெள்ளை மேலங்கி மூன்றையும் நிர்வாக அலுவலர் வாங்கிக்கொண்டு, “உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும்” என்று வாழ்த்துவார். ஒரு நாள் விட்டு அவள் திரும்பி வந்ததும் அதே மேலங்கியைக் கொடுத்து, “நம் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களை வரவேற்கிறேன். உங்கள் பெயர்?” என்று கேட்பார். விளையாட்டில்லை, உண்மையாகவே கேட்பார். புதிதாக வருபவரின் பெயரைக் கேட்க வேண்டும் என்பது விதி.

அந்த ஒரு நாள் அவளுக்கு நரகம். மற்றவர்களுக்கு அது விடுமுறை மாதிரித் தெரியும். அவளுக்கோ பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, மறுநாள் போனால் போகிறதென்று உள்ளே விடுவது போலத்தான் இருக்கும். நாத்தனார் வேறு ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

“என்னம்மா, இன்னும் பர்மனென்ட் ஆகலையா? எங்க தெருவுல தண்ணி மோட்டார் போடற பையனே பர்மனென்ட் ஆயிட்டான்.”

“ஆயிடும் அண்ணி.”

“எப்ப?”

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. தற்காலிகம் போனைக் கணவனிடம் கொடுத்துவிடுவாள். அவன் பல்செட் செய்பவன். முன்னறையில் பற்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, அரத்தால் ராவித் தேய்த்தபடியே அக்காவைச் சமாளிப்பான்.

இந்த முறை நிலைமை இன்னும் மோசம். மதிப்பீட்டுக் குழு ஒன்று வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அதற்குள் தொட்டியில் பூச்சிகள் ஒட்டியிருந்தால் ஒட்டுதல் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் பிரிவை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால், அடுத்த இடைவெளிக்கு மறுநாள் வரவேற்று அவள் பெயரைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

குஞ்சுகள் ஒட்டவில்லை. ஒரு குஞ்சுகூட ஒட்டவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். பற்றற்ற அலுவலகத்தின் ‘துடைப்பு அணி’ தினமும் மாலையில் தொட்டியறைக்கும் வந்தது. சுற்றறிக்கையில் ‘எல்லாப் பரப்புகளும்’ என்று இருந்தது. தட்டும் ஒரு பரப்புதானே? அணியினர் தட்டுகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பளிச்சென்று தேய்த்து, திரும்பத் தொங்கவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். மூலை முடுக்கு விடாமல் தேய்ப்பார்கள்.

தற்காலிகம் கூட்டத்தில் முறையிட்டாள். நின்றபடி நடக்கும் கூட்டம் அது, உட்கார்ந்தால் இருக்கையின் மேல் பற்று வந்துவிடும்.

“சார், தட்டை மட்டும் துடைக்க வேண்டாம்னு சொல்லுங்க சார்.”

“ஏம்மா? அழுக்கா இருந்தா பூச்சி எப்படி வந்து உட்காரும்?” என்றார் இயக்குநர்.

“அழுக்கா இருந்தாத்தான் சார் உட்காரும். அதுங்க முதல்ல அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்க்கும். கொஞ்சம் சொரசொரப்பு இருக்கணும், நிழல் இருக்கணும். அதுக்கும் மேல, ஒரு வழவழப்புப் படிஞ்சிருக்கணும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உசிருங்க சேர்ந்து மெல்லிசா ஒரு படலம் கட்டும் சார். அது இருந்தாத்தான் ‘சரி, இங்க பிழைக்கலாம்’னு அதுக்கு நம்பிக்கை வரும். அப்புறம்தான் காலை ஊணும்.”

“பூச்சிக்குக் கால் இருக்கா?” என்று நிர்வாக அலுவலர் கவலையோடு கேட்டார். காலணி வழங்கும் விதி ஏதும் குறுக்கே வருமோ என்று அவருக்குப் பயம்.

“கால் மாதிரி சார். முன்பக்கத்தை அழுத்தி, தட்டையாப் பரப்பி, பசை விடும். அப்புறம் அடியில சுண்ணாம்பு கட்டிக்கும். கட்டிட்டா நகராது.”

“நகரவே நகராதா?” இயக்குநரின் முகம் மாறியது. “அது நம்ம கொள்கைக்கு நேர் விரோதமாச்சே!”

“அதுக்குத்தானே சார் நமக்கு இந்தத் திட்டமே குடுத்திருக்காங்க?”

“திட்டம் வேற, கொள்கை வேறம்மா. சரி, அந்தப் படலம் படியறதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“யாரும் தொடாம சில வாரம் விட்டு வச்சாப் போதும் சார்.”

“ஒண்ணும் செய்யாம இருக்கணும்ங்கறீங்க. அதை அறிக்கையில எப்படி எழுதறது?”

நியாயமான கேள்வி. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் அந்த நிலையத்தில் பலர் இருந்தார்கள். ஆனால் அதை எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே ‘அழுக்கு என்றால் என்ன’ என்பதை வரையறுக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. நூலகரும் வாகனப் பொறுப்பாளரும் நிர்வாக அலுவலரும் மூன்று பக்கமும் யோசித்து, “துடைத்தால் போகக்கூடியது எதுவோ அது அழுக்கு” என்று முடிவு கூறினார்கள். அதைப் படித்ததும் தற்காலிகத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கணக்குப்படி அவளும்தான் அழுக்கு. 

துணைக்குழு இன்னொரு பரிந்துரையும் செய்தது. குஞ்சுகளுக்கு ஊக்கம் போதவில்லையாம். ஒரு ஊக்கப் பேச்சாளரை வரவழைத்தார்கள். அவர் தொட்டிக்கு முன்னால் நின்று கையை உயர்த்தி, “உங்களால் முடியும்! எங்கே, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்!” என்றார். குஞ்சுகள் சொல்லவில்லை. துடைப்பு அணி மட்டும் சொன்னது.

அன்று வீட்டுக்கு வந்து அவள் பையை ஒரு பக்கம் எறிந்தாள்.

“என்னங்க, என்னால முடியலை. நாளைக்கே கதவைச் சாத்திடுவாங்க போலிருக்கு.”

“பல்செட்டே புதுசா மாட்டினா முதல் வாரம் வாயில நிக்காது” என்றான் கணவன். “நிக்குதா நிக்குதான்னு தினமும் கழட்டிப் பார்க்கிறவங்களுக்குக் கடைசி வரைக்கும் நிக்காது. அவங்கதான் என்கிட்ட வந்து சண்டை போடுவாங்க.”

“நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடறது?”

“அது தெரியலை. என்கிட்ட வேணா போடு. கேட்டுக்கறேன்.”

அவள் போட்டாள். அவனும் கேட்டுக்கொண்டான். அதில் அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியது. குஞ்சுகள் விஷயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் தொட்டிக்குள் விளக்கை அடித்துத் தட்டு தட்டாகப் பார்த்தாள். எல்லாம் புதுக் கருக்குக் கலையாமல் இருந்தன. சலித்துப்போய்த் தலையைக் கண்ணாடியில் சாய்த்தபோது விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் இருந்த கல்லின் மேல் விழுந்தது.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டியின் திறப்புவிழாக் கல் அது. வெளியே பதித்தால் எல்லா அலுவலகத்திலும் இருப்பது போல ஆகிவிடும் என்று இயக்குநர் அதைத் தொட்டிக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே பதிக்கச் செய்திருந்தார். அவர் பெயர், பெயருக்கு முன்னால் பட்டங்கள், பின்னால் பட்டங்கள் எல்லாம் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. துடைப்பு அணி அந்தக் கல்லின் பக்கமே போனதில்லை. இயக்குநரின் பெயரில் துணியைப் போட்டுத் தேய்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஒரு எழுத்து தேய்ந்துபோனால் பதில் சொல்வது யார்?

எழுத்துகளின் பள்ளத்தில் வழவழப்பு நன்றாகப் படிந்திருந்தது. அந்த வழவழப்பில், கடுகில் பாதி பருமனில், வரிசை வரிசையாகக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் குட்டிக் கைகளை விரித்துப் பூப்போல ஆட்டிக்கொண்டிருந்தது. பட்டங்கள் நிறைய, ஆகவே பள்ளங்களும் நிறைய. ஒரு பட்டம்கூட வீண்போகவில்லை.

தற்காலிகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. யாரும் இல்லை என்பதால் இரண்டையும் செய்தாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு நிர்வாக அலுவலர் வந்தார். முழங்கால்வரை ரப்பர் காலணி. கையில் கம்பி நார்.

“நகரும்மா. குழு வருது. சார் பேர் பளபளன்னு இருக்கணும்னு உத்தரவு. இதைத் தேய்க்க எனக்கு எழுத்துபூர்வமா அனுமதி வாங்கியிருக்கேன்.”

“சார், வேண்டாம்! அதுலதான் எல்லாம் ஒட்டியிருக்கு!”

“ஒட்டியிருக்கா? அப்போ கட்டாயம் தேய்க்கணும்.”

அவள் தொட்டியில் சாய்த்திருந்த ஏணியின் முதல் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “நான் சாரைப் பார்த்துட்டு வர்ற வரைக்கும் இதுல யாரும் ஏறக் கூடாது” என்றாள். ஏணியில் உட்கார்ந்திருந்தால் சாரைப் போய்ப் பார்ப்பது எப்படி என்று இருவருக்கும் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. கடைசியில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டே இயக்குநரின் அறைக்குப் போனாள்.

அவள் வாழ்நாளில் யாருக்கும் காக்காய் பிடித்ததில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. படலம், நிழல், சொரசொரப்பு என்று தொடங்கினால் சார் துணைக்குழு போட்டுவிடுவார். மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

“சார், குஞ்சுங்க உங்க பேரைத் தேர்ந்தெடுத்திருக்கு.”

இயக்குநர் சோபாவில் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா சொல்றீங்க?”

“தொட்டி முழுக்கச் சுத்திப் பார்த்துட்டு, வேற எங்கயும் ஒட்டாம, உங்க பேர்ல மட்டும் ஒட்டியிருக்கு சார்.”

“தட்டுல ஏன் ஒட்டலை?”

“தட்டுல உங்க பேர் இல்லையே சார்.”

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.  பிறகு மெல்லிய குரலில், “முதல்ல எந்த எழுத்துல ஒட்டிச்சு?” என்று கேட்டார்.

“முதல் எழுத்துலதான் சார்” என்றாள் தற்காலிகம். உண்மையில் அது கடைசிப் பட்டத்தின் வாலில். ஆனால் தோளில் ஏணி கனத்தது.

அந்தக் கல்லை யாரும் தொடக் கூடாது, வெளியாள் எவரும் தொட்டியில் கைவைக்கக் கூடாது என்று அப்போதே உத்தரவு போனது. பெயர் நன்றாகத் தெரிய ஒரு பெரிய விளக்கும் மாட்டினார்கள். குஞ்சுகளுக்கு வெளிச்சம் ஆகாது. யாரும் பார்க்காதபோது தற்காலிகம் தன் வெள்ளை மேலங்கியைக் கழற்றிக் கண்ணாடியில் போர்த்திவைப்பாள், யாராவது வந்தால் எடுத்துவிடுவாள்.

குழு வந்தது, பார்த்தது, அசந்தது. ‘பெயர்சார் ஒட்டுதல்’ என்று விஞ்ஞானத்தில் ஒரு புதுத் துறை அன்று பிறந்தது. இயக்குநர் கண்கள் பனிக்க, “நான் எதுவுமே செய்யவில்லை. பற்றில்லாமல் இருந்தேன். அவையாக வந்து பற்றிக்கொண்டன” என்றார். எதுவும் செய்யவில்லை என்பதுவரை அது முழு உண்மை.

குழுத் தலைவி கண்ணாடியோரம் நின்றவளைக் காட்டி, “இது?” என்று கேட்டார்.

“அது தற்காலிகம்” என்றார் நிர்வாக அலுவலர். அவள் தலைக்கு மேலிருந்த விளக்கைத்தான் அவர் சொல்கிறார் என்று தலைவி நினைத்துக்கொண்டு, “நிரந்தரமா ஒண்ணு போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். குழுவின் அறிக்கையிலும் பிரிவுக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் வழங்கப்பட்டிருந்தது.

பிரிவு பிழைத்தது. பணியிடமும் வந்தது. ஆனால் ‘நிரந்தரம்’ என்பதே ஒரு பற்று அல்லவா? இயக்குநர் தம் கொள்கை வழுவாமல் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். நாள் நெருங்கியதும் நிர்வாக அலுவலர் வழக்கம்போல அட்டை, சாவி, மேலங்கி மூன்றையும் வாங்கிக்கொண்டு அவள் எதிர்காலம் சிறக்க வாழ்த்தினார்.

இடைவெளி நாளன்று தற்காலிகம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இந்த முறை கோபம்கூட வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி, காக்காய் பிடித்து, ஏணி சுமந்து, கடைசியில் அதே வாழ்த்து. முன்னறையில் கணவன் சத்தம் வராமல் ராவிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. நாத்தனார் என்று நினைத்து அவள் எடுக்கவில்லை. அவன் எடுத்துக் கேட்டுவிட்டு, கண்ணை அகலமாக விரித்து அவளிடம் நீட்டினான்.

“அம்மா! என் பேரைக் காணோம்!” என்றது இயக்குநரின் குரல்.

“சார்?”

“காலையில இருந்து வெறும் கொப்புளம் கொப்புளமா இருக்கும்மா. பூ மாதிரி விரிஞ்சு ஆடுமே, ஒண்ணையும் காணோம். துறைச் செயலாளர் இதைப் பார்க்கன்னே கிளம்பி வந்துக்கிட்டிருக்கார்!”

“விளக்கை அணைச்சீங்களா சார்?”

“விளக்கை அணைச்சா பேர் எப்படித் தெரியும்?”

“வெளிச்சம் தாங்காம கையை உள்ள இழுத்துக்கிட்டிருக்கும் சார். பயந்தாலும் இழுத்துக்கும்.”

“யாரைப் பார்த்துப் பயம்? நான்தானே நிக்கிறேன்! நான் வேணா தண்ணிக்குள்ள கையை விட்டு லேசாத் தட்டி எழுப்பட்டுமா?”

“ஐயோ, கையை எடுங்க சார்!” அவள் கட்டிலிலிருந்து குதித்தாள். “எதையும் தொடாதீங்க! இதோ வர்றேன்!”

செருப்பை மாட்டியவளைக் கணவன் வாசலில் மறித்தான். “நீ இன்னிக்கு அங்க வேலையில இல்லையேம்மா. எப்படி உள்ள விடுவாங்க?”

அவளுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் அந்தக் கை தண்ணீருக்குள் போய்விடுமோ என்று பதைப்பு. இன்னொரு பக்கம், இத்தனை வருஷமாக அடங்கியே கிடந்த ரோஷம் மெல்லத் தலைதூக்கியது. போனைக் காதில் வைத்தாள்.

“சார், நான் இன்னிக்கு வெளியாள். வெளியாள் தொட்டியைத் தொடக் கூடாதுன்னு உங்க உத்தரவு இருக்கு. என் அட்டையை வாசலுக்குக் குடுத்தனுப்புங்க. வர்றேன்.”

“குடுய்யா அந்த அட்டையை!” என்று இயக்குநர் கத்துவது கேட்டது. அடுத்து நிர்வாக அலுவலரின் குரல், நிதானமாக, ஒரு சொல் விடாமல்:

“இன்னிக்கு அட்டை குடுத்தா இடைவெளி போயிடும் சார். இடைவெளி போனா தொடர் பணி. தொடர் பணின்னா, இடம் காலியா இருக்கற பட்சத்துல, விதிப்படி நிரந்தரம் பண்ணியாகணும். இடம் காலியாத்தான் இருக்கு சார். நீங்கதான் காலியா வச்சிருக்கீங்க.”

போனில் தொட்டித் தண்ணீர் குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது.  கணவன் கையிலிருந்த பல்செட்டை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“செயலாளர் பாலத்தைத் தாண்டிட்டாராம் சார்” என்றார் நிர்வாக அலுவலர்.

“குடுத்துத் தொலையுங்கய்யா!” என்றார் பற்றற்றவர்.

அவள் ஓடினாள். வாசலில் அட்டையும் மேலங்கியுமாக நிர்வாக அலுவலர் காத்திருந்தார். அவருக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான், ஒரு விதி முழுசாக நிறைவேறுவதை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. தொட்டியறைக்குள் போனதும் அவள் முதலில் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். விளக்கை அணைத்தாள். மேலங்கியைக் கண்ணாடியில் போர்த்தினாள். சொட்டுக்குழாயில் இரையை எடுத்துக் கல்லோரமாக மெல்ல விட்டாள். “ஒண்ணுமில்லடா கண்ணுங்களா, யாரும் தொட மாட்டாங்க” என்று அவள் சொன்னதைக் கேட்கக் குஞ்சுகளுக்குக் காது இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் முதலில் ஒன்று கையை நீட்டியது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு கல் முழுக்க.

செயலாளர் இருட்டில் கால்விரல் நுனியில் நடந்து வந்து, அவள் மேலங்கியை விலக்கியதும் மங்கிய வெளிச்சத்தில் இயக்குநரின் பெயர் பட்டங்களோடு உயிர்பெற்று ஆடுவதைப் பார்த்தார்.  பிறகு பக்கத்தில் நின்றவளைக் காட்டி, “இந்தம்மா யாரு?” என்று கேட்டார்.

“எங்க நிரந்தர ஆய்வாளர் சார்” என்றார் இயக்குநர், என்றுமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்போல.  அந்த ஒரு சொல்லைக் கேட்டு அழுதுவிடக் கூடாது என்று அவள் தொட்டியின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நடைக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். இயக்குநர் பற்றின்மையின் மகத்துவத்தை எடுத்துச் சொன்னார். இனி எல்லாத் தட்டுகளிலும் தம் பெயர் வெட்டப்படும் என்று அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அவள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “இனிமே நீங்களும் இங்கேயே கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கணும்மா” என்று வாழ்த்தினார்.

“நீங்க துடைக்காம இருந்தாப் போதும் சார்” என்றாள் அவள்.

 நூலகர் கூரையைப் பார்த்தார். துடைப்பு அணி துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது. முதலில் சிரித்தவர் இயக்குநர்தான். “பார்த்தீங்களா சார், எவ்வளவு அழகாச் சொன்னாங்க!” என்று செயலாளரிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். பற்றற்றவர் என்றால் சும்மாவா? அந்த நிலையத்தில் உயிருள்ளது எதுவானாலும் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்க முடியும், அவர் மேல் மட்டும் எதுவுமே ஒட்டாது.